சென்னை மேற்குப் புறநகர்ச் சிறு கடைகளும் கணக்கறிவும்

சென்னையின் மேற்கே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஒரு நூற்றாண்டுக்குள் ஏரிப்பாசனக் கிராமங்கள் என்ற நிலையிலிருந்து தொழிற்பேட்டை நகரங்களாக மாறியவை. இந்த மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் உடனிருந்தவை தெருமுனை மளிகைக் கடைகளும் பெட்டிக்கடைகளும் ஆகும். நாணய முறை மாறியது, எடை அளவு மாறியது, வாடிக்கையாளர் மாறினர், வரி மாறியது, பணம் செலுத்தும் வழியும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கடைக்காரர் புதிதாக ஒரு கணக்கைக் கற்க வேண்டியிருந்தது. இன்று ‘நிதி எழுத்தறிவு’ என்று வழங்கப்படும் இந்த அறிவு, சிறு கடைகள் நிலைப்பதிலும் மூடப்படுவதிலும் பெற்ற இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊர்களின் பின்னணி

பூந்தமல்லி இம்மூன்றில் பழைமையான வணிக ஊர். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்ததாலும், ஆங்கிலேயர் காலத்தில் படை முகாம் இருந்ததாலும் அங்கே கடைத்தெரு வளர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்கும் இடையே திறக்கப்பட்டது. அம்பத்தூரும் ஆவடியும் அந்தப் பாதையில் அமைந்த ஊர்கள். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை இவற்றைச் சுற்றி நெல் வயல்களும் ஏரிகளுமே மிகுந்திருந்தன. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவை அந்தக் காலத்தின் எச்சங்கள்.

1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சியாக உள்ளது. இவற்றுக்கு அப்பால் திருமழிசை, நேமம், வெள்ளவேடு, திருநின்றவூர், வேப்பம்பட்டு போன்ற ஊர்களில் கிராமக் கடையும் நகரக் கடையும் இன்றும் அருகருகே இயங்குகின்றன.

எண்சுவடியும் பேரேடும்

கணக்கறிவு வங்கிகளால் தமிழ்நாட்டுக்கு வந்த புதிய செய்தி அன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாணவர்கள் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முழு எண்களின் வாய்பாட்டோடு கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) எனப் பின்னங்களின் வாய்பாடும் அதில் இருந்தது. தானியத்தை ஆழாக்கு, படி, மரக்கால் என அளந்தும், புளியையும் வெல்லத்தையும் பலம், வீசை என நிறுத்தும் விற்ற காலத்தில், இந்தப் பின்னங்கள் தெரியாதவர் கடையில் உட்கார முடியாது. 40 பலம் ஒரு வீசை. எட்டு ஆழாக்கு ஒரு படி. வீசை என்ன விலை என்று தெரிந்தால் ஐந்து பலத்தின் விலையை அரைக்கால் வாய்பாட்டைக் கொண்டு மனத்திலேயே சொல்லிவிடலாம்.

கணக்கை எழுதுவதற்கும் தமிழில் முறை இருந்தது. அன்றன்றைய வரவு செலவைத் தேதி வரிசையில் எழுதுவது நாள்வழி அல்லது குறிப்பேடு. அதிலிருந்து ஒவ்வோர் ஆளின் பெயரிலும் பற்று, வரவு பிரித்து எழுதுவது பேரேடு. குறிப்பிட்ட காலத்தின் முடிவில் எல்லாவற்றையும் தொகுத்து நிலையைக் காண்பது ஐந்தொகை. பெரிய வணிகர்களும் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் இம்முறையைத் திறம்படக் கையாண்டனர். கிராமத்துச் சிறு கடையில் நாள்வழி மட்டுமே இருந்தது. பல கடைகளில் அதுவும் கடைக்காரரின் நினைவிலேயே இருந்தது. சிறு கடையின் வலிமை, வலிமையின்மை இரண்டும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. வாய்க்கணக்கில் வல்லவராகிய கடைக்காரருக்கு ஒரு பொருளின் விலை உடனே தெரியும். ஆண்டு முடிவில் தம் முதல் வளர்ந்ததா தேய்ந்ததா என்பது தெரியாது.

திரூர், 1904

கடனும் வட்டியும் பற்றிய பொதுக் கவலை இப்பகுதியில் மிக முன்னரே செயல் வடிவம் பெற்றது. விவசாயிகள் லேவாதேவிக்காரரிடம் சிக்குவதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1890களில் சென்னை மாகாண அரசுக்கு அளித்த அறிக்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் மாகாணத்தின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது. ஆவடியிலிருந்து திருவள்ளூர் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் இது. அதே 1904-இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, நுகர்வோர் கூட்டுறவுக்கு முன்னோடியானது.

சிறு தொகையைச் சேர்ந்து சேமித்தல், குறைந்த வட்டிக்குக் கடன் பெறுதல், கணக்கை எல்லார் முன்னும் படித்துக் காட்டுதல் ஆகிய மூன்றும் கூட்டுறவின் அடிப்படை. ஆனால் கடன் சங்கங்கள் முதன்மையாக உழவர்களுக்காகவே அமைந்தன. கிராமக் கடைக்காரரின் கடன் தேவை பெரும்பாலும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றது. தண்டல் வட்டி பிற்காலத்தில் நுழைந்த வழி இதுவே.

அணாவிலிருந்து பைசாவுக்கு

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதாவது 192 தம்படி. அதன் பின்னர் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. இரு வகை நாணயங்களும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் அரசு ஒரு மாற்று அட்டவணையை வெளியிட்டது. அதன்படி 1 அணாவுக்கு 6 பைசா, 2 அணாவுக்கு 12 பைசா, 3 அணாவுக்கு 19 பைசா, 4 அணாவுக்கு 25 பைசா.

இந்த அட்டவணையில் சிறு கடைக்காரருக்கு ஒரு நட்டம் மறைந்திருந்தது. ஓர் அணாப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஆறு பைசாவுக்கு விற்றால், 16 பொட்டலத்துக்கு 96 பைசாவே கிடைக்கும். முன்பு அதே சரக்குக்கு ஒரு முழு ரூபாய் கிடைத்தது. நூற்றுக்கு நான்கு குறைவு. பத்து சதவீத லாபத்தில் நடக்கும் கடைக்கு லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இப்படிப் போய்விடும். இதைக் கவனித்தவர் பொட்டலத்தின் அளவையோ விலையையோ திருத்தி அமைத்துக்கொண்டார். கவனிக்காதவர், வியாபாரம் குறையாமலே லாபம் குறைந்த காரணத்தை அறியாமல் இருந்தார்.

அடுத்து எடை அளவுகள் மாறின. 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. வீசையும் பலமும் மறைந்து கிலோவும் கிராமும் வந்தன. ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. வீசை விலையைக் கிலோ விலையாக மாற்ற மனக்கணக்கு போதவில்லை; காகிதமும் பென்சிலும் தேவைப்பட்டன. எண்சுவடிக் கணக்கில் தேர்ந்த முதியவர்களைவிட, பள்ளியில் தசமம் படித்த இளைஞர்கள் கல்லாவில் அமர்வதற்கு ஏற்றவர்களாயினர்.

தொழிற்சாலைகளும் பற்று நோட்டும்

நாணயம் மாறிய அதே காலத்தில் வாடிக்கையாளரும் மாறினர். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்ததால் ஆவடி நாடறிந்த பெயராயிற்று. 1961-இல் அங்கே கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் ‘விஜயந்தா’ பீரங்கி வண்டிகள் அதிலிருந்து வெளிவரத் தொடங்கின. பாடியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1960களில் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை நூற்றுக்கணக்கான சிறு தொழிற்கூடங்களுக்கு இடமளித்தது.

அறுவடையை நம்பி இருந்த கிராமக் கடைக்கு இப்போது மாதச் சம்பளக்காரர் வாடிக்கையாளராகக் கிடைத்தார். அறுவடைக் கடன் ஆறு மாதம் நிற்கும்; சம்பளக் கடன் முப்பது நாளில் திரும்பும். எனவே ‘பற்று நோட்டு’ முறை வேரூன்றியது. வாடிக்கையாளர் வீட்டில் ஒரு சிறு நோட்டு, கடையில் ஒரு பெரிய நோட்டு. பொருள் வாங்கும்போது இரண்டிலும் எழுதுவர். சம்பளத் தேதியில் கூட்டிப் பார்த்துப் பணம் தருவர். மாதக் கடைசியில் கையில் காசில்லாத குடும்பத்துக்கும் அரிசியும் பாலும் கிடைத்தன. கடைக்காரருக்கு வாடிக்கை உறுதியாயிற்று.

இந்த முறையில் இரு நோட்டிலும் எழுதுவதே காப்பு. கடைக்காரர் மட்டும் எழுதினால் ஐயம் வரும். வாடிக்கையாளர் மட்டும் எழுதினால் நோட்டுத் தொலைந்தால் கடனும் தொலையும். ‘கடன் அன்பை முறிக்கும்’, ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற அறிவிப்புகள் கடைச் சுவர்களில் தொங்கினாலும், அவற்றுக்குக் கீழேயே பற்று நோட்டு இருந்தது. கடன் தராத சிறு கடை அக்காலத்தில் அரிது. யாருக்கு, எவ்வளவு வரை என்ற வரம்பைக் கடைக்காரர் வகுத்திருந்தாரா என்பதே அதில் முக்கியமானது.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். பத்து சதவீத லாபத்தில் விற்கும் கடையில் 500 ரூபாய்க் கடன் வராக்கடன் ஆனால், கடைக்காரர் இழப்பது சரக்கின் கொள்முதல் விலையான 450 ரூபாய். இந்த 450 ரூபாயை லாபத்தால் ஈடுசெய்ய, அவர் மேலும் 4,500 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு வீட்டின் நிலுவைக்காகப் பல வீடுகளின் வியாபார லாபம் போய்விடுகிறது.

பிற்காலத்தில் இப்பகுதியின் சில ஆலைகள் மூடப்பட்டன. நிரந்தரத் தொழிலாளர் குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர் பெருகினர். வெளிமாநிலத்திலிருந்து வந்து சில மாதங்கள் வாடகை அறையில் தங்கிச் செல்வோர் மிகுந்தனர். மாதச் சம்பளத்தையும் நெடுநாள் அறிமுகத்தையும் நம்பி எழுந்த பற்று நோட்டு இந்தப் புதிய சூழலுக்கு ஏற்றதாக இல்லை. பழைய வழக்கப்படியே கடன் கொடுத்து வந்த கடைகள் நிலுவையில் சிக்கின.

தென் மாவட்ட வணிகர்களின் பயிற்சி முறை

சென்னையிலும் அதன் புறநகரிலும் மளிகைக் கடையை ‘அண்ணாச்சி கடை’ என்று அழைப்பது பொது வழக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பகுதிகளிலிருந்து வந்த வணிகர்கள் இக்கடைகளில் பெரும்பங்கு வகித்ததே இப்பெயருக்குக் காரணம். இவர்களுள் நாடார் சமூகத்தினர் கல்வியையும் வணிகத்தையும் இணைத்து வளர்த்த வரலாறு குறிப்பிடத்தக்கது. வணிகத்தில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என்ற பெயரில் பொதுநிதியாகச் சேர்த்தனர். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுநிதியால் வளர்ந்த பள்ளி. வீடுதோறும் ஒரு பிடி அரிசி சேர்த்து அப்பள்ளிக்கு உதவினர். காமராசர் அங்கே பயின்றவர். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பட்டது. அது 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது.

புறநகர்க் கடைகளில் இந்த மரபு பயிற்சியாகத் தொடர்ந்தது. ஊரிலிருந்து வரும் பையன் முதலில் பொட்டலம் மடிப்பான்; பிறகு எடை போடுவான்; பிறகு சந்தைக்குச் சென்று கொள்முதல் பழகுவான்; இறுதியில் கல்லாவில் அமர்வான். சம்பளத்தின் ஒரு பகுதி முதலாளியிடமே சேர்ந்து, பின்னர் அவன் தனிக்கடை வைக்க முதலாகும். எழுதப்பட்ட பாடநூல் இல்லாத இந்தப் பயிற்சியில் கொள்முதல் விலை, லாப விகிதம், கழிவு, கடன் வரம்பு ஆகிய அனைத்தும் அடங்கியிருந்தன. உறவும் ஊரும் சார்ந்த இப்பயிற்சி வெளியாருக்கு எளிதில் கிடைக்கவில்லை. வேலை இழந்தபின் கிடைத்த தொகையில் கடை வைத்த ஆலைத் தொழிலாளிக்கும், வீட்டு முன்அறையில் பெட்டிக்கடை தொடங்கிய பெண்ணுக்கும் இத்தகைய ஆசான் வாய்க்கவில்லை.

கல்லாவும் வீட்டுச் செலவும்

கடைகள் தேய்வதற்குரிய காரணங்களுள் கண்ணுக்குத் தெரியாதது, கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒன்றாகக் கலப்பது. கீழ்க்காணும் எடுத்துக்காட்டு கற்பனையானதாயினும் இது நிகழும் முறையைக் காட்டும்.

ஒரு கடையில் நாள் விற்பனை 5,000 ரூபாய். மாத விற்பனை 1,50,000 ரூபாய். பத்து சதவீதம் என்றால் மொத்த லாபம் 15,000 ரூபாய். இதில் வாடகை 5,000, மின்கட்டணம் 1,500, வண்டிக் கூலியும் கழிவும் 1,500 என 8,000 ரூபாய் கழிகிறது. மீதம் 7,000 ரூபாய். ஆனால் கல்லாவில் எப்போதும் பணம் இருப்பதால், குடும்பம் மாதம் 12,000 ரூபாய் எடுத்துச் செலவிடுகிறது. கூடுதலாகப் போன 5,000 ரூபாய் சரக்கின் முதலிலிருந்து போகிறது. கடையில் ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு இருந்தால் இருபது மாதங்களில் அது தீரும்.

இந்த இருபது மாதங்களிலும் கடை நாள்தோறும் திறந்தே இருக்கும். முதலில் பின்வரிசை அடுக்கு காலியாகும். பிறகு விலை உயர்ந்த பொருள்கள் மறையும். பிறகு ‘நாளைக்கு வரும்’ என்ற பதில் பெருகும். சரக்கு குறைவதால் வாடிக்கையாளர் குறைவார். ‘வியாபாரம் இல்லை’ என்று கடைக்காரர் கூறுவார். உண்மையில் முதல் கரைந்தது முந்தியது. வியாபாரம் குறைந்தது பிந்தியது. கடைக்காரர் தமக்கென ஒரு மாதச் சம்பளத்தை வகுத்து, அதற்குமேல் எடுப்பதைத் தம் பெயரில் பற்று எழுதினால் இந்தத் தேய்வு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

தண்டல் வட்டி

முதல் கரைந்த கடைக்காரர் அடுத்து நாடுவது கடன். நகைக் கடன், ஏலச் சீட்டு, மொத்த வியாபாரியின் தவணை ஆகியவற்றோடு தண்டல் இப்பகுதிக் கடைத்தெருக்களில் நெடுங்காலமாக உள்ளது. தண்டலில் கடன் தருபவர் வட்டியை முன்னரே பிடித்துக்கொள்வார். 10,000 ரூபாய்க் கடன் என்று கூறி 8,500 ரூபாய் கையில் தருவது ஒரு வழக்கம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

‘நூற்றுக்குப் பதினைந்து’ என்று இது கேட்பவர் காதில் விழும். கணக்கிட்டுப் பார்த்தால் வேறு தெரியும். கடன் நாள்தோறும் குறைந்து வருவதால், நூறு நாளும் கடைக்காரர் கையில் சராசரியாக இருப்பது ஏறத்தாழ 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் இது 120 சதவீதத்துக்கும் மேலாகும். அதே தொகையை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் பெற்று அதே போல் திருப்பினால் வட்டி ஏறத்தாழ 140 ரூபாய்.

தண்டல் வாங்கும் கடைக்காரர் அனைவரும் இதை அறியாதவர் என்று கூறுவது நேர்மையாகாது. தண்டல் கடை வாசலுக்கே வருகிறது, பத்திரம் கேட்பதில்லை, காலையில் கேட்டால் மாலைக்குள் பணம் கிடைக்கிறது, நூறு ரூபாயாகக் கட்டுவது அன்றாட வரவுக்கு ஒத்துப்போகிறது. வங்கியில் இவை நான்கும் அரிது. பண்டிகைக்கு முன் பத்தே நாளில் விற்றுத் தீரும் சரக்குக்காக ஒருமுறை தண்டல் வாங்குவதை ஒரு கடை தாங்கலாம். வீட்டுச் செலவால் கரைந்த முதலை நிரப்பத் தண்டல் வாங்கினால், ஒரு தண்டலை அடைக்க இன்னொன்று வேண்டிவரும்.

தமிழ்நாடு அரசு 2003-இல் கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டம், தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி முதலியவற்றை வரையறுத்து அதீத வட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் இருந்தும் தேவை மறையவில்லை. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய முத்ரா திட்டம் பிணையின்றி வங்கிக் கடன் பெற வழி செய்தது. அதன் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பெறலாம். 2020-இல் தொடங்கிய ஸ்வாநிதி திட்டம் தெருவோர வணிகர்களுக்கானது. 2021 ஜூலை முதல் சில்லறை வணிகமும் உத்யம் பதிவுக்குள் சேர்க்கப்பட்டு, முன்னுரிமைக் கடன் பெறும் தகுதி பெற்றது. இத்தகைய கடனுக்கு வங்கி கடையின் வரவு செலவுக் கணக்கைக் கேட்பதுண்டு. கணக்கு எழுதாத கடைக்காரரால் எழுதப்பட்ட உரிமையைப் பயன்படுத்த இயலவில்லை.

பெருங்கடைகளும் பெருந்தொற்றும்

1990களின் இறுதியிலிருந்து சிறு கடைகளுக்குச் சங்கிலித் தொடர்க் கடைகள் போட்டியாயின. 1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்‌ஷா, குறைந்த விலையால் விரைந்து வளர்ந்து, நாடெங்கும் சுமார் 1,600 கிளைகளை எட்டியது. 2009-இன் தொடக்கத்தில், சரக்கு வாங்கவும் சம்பளம் தரவும் ரொக்கமின்றி அதன் கிளைகள் மூடப்பட்டன. விற்பனை பெருகினாலும் கையிருப்பு ரொக்கம் இல்லாவிடில் கடை நிற்காது என்ற பாடம் பெட்டிக்கடைக்கும் பெருநிறுவனத்துக்கும் பொதுவானது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடைகளில் விலையின்றி அரிசி வழங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் பயனளித்த இத்திட்டத்தால், சிறு கடைகளில் குறைந்த விலை அரிசியின் விற்பனைக்கு இடம் சுருங்கியது. எந்தச் சரக்கில் லாபம், எதில் முடக்கம் என்று பொருள்வாரியாகப் பார்க்கும் தேவை கூடியது.

2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வணிகம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு காய்கறிச் சந்தை மீண்டும் திறக்கப்பட்டது. ஊரடங்கு மாதங்களில் பெருங்கடைகளுக்குச் செல்ல இயலாத மக்கள் தெருக்கடையை நாடினர். கடன் கேட்டவர்களும் மிகுந்தனர். பல கடைகளுக்கு அது விற்பனை கூடிய காலம். அதே அளவுக்கு நிலுவை கூடிய காலமும் ஆகும்.

க்யூஆர் அட்டையும் வரி வரம்பும்

2016-இல் யூபிஐ முறை அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதும், பின்னர் வந்த பெருந்தொற்றும் கைபேசிப் பணத்தைப் பரப்பின. இன்று பெட்டிக்கடையிலும் க்யூஆர் அட்டையும் தொகையை அறிவிக்கும் ஒலிப்பெட்டியும் உள்ளன. 2020 ஜனவரி முதல் யூபிஐ விற்பனைக்கு வணிகரிடம் வங்கிகள் கட்டணம் பிடிப்பதில்லை.

கணக்கெழுதும் பழக்கமில்லாத கடைக்கு இது ஒரு வாய்ப்பு. வங்கிப் பதிவே ஒரு நாள்வழியாகிறது. கடன் கேட்கும்போது சான்றாகிறது. ஆனால் அந்தப் பணம் வீட்டுக் கணக்கிலேயே விழுந்தால், கல்லாவில் நிகழ்ந்த அதே கலப்பு கைபேசியில் நிகழும். நட்பு, உறவுப் பணமும் விற்பனை போலத் தோன்றும்.

2017 ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2019 ஏப்ரல் முதல், சரக்கு மட்டும் விற்போர் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். 40 லட்சம் பெருந்தொகையாகத் தோன்றும். அதை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,960 ரூபாய். ஓரளவு நடக்கும் மளிகைக் கடை இதை எட்டிவிடும். 1.5 கோடி ரூபாய் வரை விற்போர் இணக்க வரி முறையில் சேர்ந்து, வணிகர் என்ற வகையில் ஒரு சதவீத வரி செலுத்தலாம்.

2025 ஜூலையில் பெங்களூருவில் சிறு வணிகர் பலருக்கு, யூபிஐ வரவுகளின் அடிப்படையில் வரி அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. அச்சமுற்ற சிலர் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கத்துக்குத் திரும்பினர். பால், காய்கறி போன்ற வரியற்ற பொருள்களை விற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். வரியுள்ள விற்பனை, வரியற்ற விற்பனை, சொந்த வரவு என்று பிரித்து எழுதி வைத்தவருக்கு இத்தகைய அறிவிப்புக்கு விடையளிப்பது எளிது. எழுதாதவருக்கு எல்லா வரவும் விற்பனையாகவே கணக்காகும். இந்நிகழ்வு சென்னைப் புறநகர்க் கடைக்காரர்களும் கருத்தில் கொள்ளத்தக்கது.

நிதி எழுத்தறிவு முயற்சிகளும் எல்லைகளும்

இந்திய ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதி எழுத்தறிவு வாரம் நடத்துகிறது. 2020 பிப்ரவரியில் நடந்த வாரத்தின் பொருள் சிறு, குறு தொழில்கள் என்பதாகும். வங்கிகளின் நிதி எழுத்தறிவு மையங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சேமிப்பு, கடன், காப்பீடு பற்றிக் கற்பிக்கின்றன. குழுக் கூட்டத்தில் பதிவேடு எழுதிப் பழகிய பெண்கள் கடை தொடங்கும்போது, அப்பழக்கம் கடைக்கும் உதவுகிறது. 1989-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வணிகர் நல வாரியம் சிறு வணிகர்களுக்கு நலத்திட்ட உதவிகளை வழங்குகிறது. ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கணக்கறிவு எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. வாடகை உயர்வு, சாலை விரிவாக்கம், மொத்தக் கொள்முதலில் பெருநிறுவனம் பெறும் விலைச் சலுகை, பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வரும் கைபேசி வணிகம் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தால் தடுக்க முடியாது. சில கடைகள் சரியான கணக்கு எழுதியும் மூடப்படும். அப்போதும் கணக்கு உதவுகிறது. கடன் சேரும் முன்பே, முதல் கையில் இருக்கும்போதே கடையை மூடவோ வேறு தொழிலுக்கு மாறவோ முடிவெடுக்க அது இடம் தருகிறது. கணக்கில்லாத கடை, நகையும் வீட்டுப் பத்திரமும் அடகுக்குச் சென்றபின்னரே மூடப்படுகிறது.

ஒரு சிறு கடைக்குத் தேவையான ஏடு பெரிதன்று. நாள்தோறும் விற்பனை, கொள்முதல், கடைச் செலவு, வீட்டுக்கு எடுத்தது, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் என்ற ஆறு பத்திகள் போதும். மாதத்துக்கு ஒருமுறை சரக்கை எண்ணி இருப்பு எழுத வேண்டும். பழைய நாள்வழி, பேரேடு, ஐந்தொகை ஆகிய மூன்றின் சாரமும் இதில் அடங்கும். கடையை அடைக்கும் முன் இதற்குப் பத்து நிமிடம் போதுமானது.